அஸருக்கு எழுந்த ஆட்டக்காரர்

"ஹள்ரத், செஸ் ஆடலாமா?"

மக்தப் முடிந்து பிள்ளைகள் கிதாபுகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்த நேரம். கேட்டவள் ஏழாம் வகுப்பு மாணவி. ஓதுவதில் கெட்டிக்காரி; தஜ்வீத் தவறாதவள். பள்ளிக்கூடத்தில் சதுரங்கப் போட்டிக்குப் பெயர் கேட்கிறார்களாம். நான் வாசலில் நின்றவாறே, "வேண்டாமம்மா. நேரத்தைத் தின்னும் விளையாட்டு அது. மார்க்கத்திலும் கடிந்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். அவளும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அரை நிமிடத்தில் முடிந்துபோன விஷயம் என்றுதான் எண்ணியிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, இஷாவுக்குப் பின் அவளுடைய தகப்பனார் என்னைத் தேடி வந்தார். விருதுநகர் பஜாரில் ஒரு வத்தல் மண்டியில் கணக்கு எழுதுபவர். வயது ஐம்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர், ஐவேளைத் தொழுகைக்கு முதல் வரிசையில் நான் காணும் முகங்களுள் ஒன்று. அவர் சண்டைக்கு வரவில்லை.

"ஹள்ரத், நீங்கள் சொன்னதிலிருந்து அவள் செஸ் பலகையை அலமாரியின் மேலே தூக்கி வைத்துவிட்டாள். அதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பலகை என்னுடையது. நான் இருபத்தைந்து ஆண்டாகக் கிளப்பில் ஆடுகிறவன்."

எனக்கு வியப்பாக இருந்தது. இத்தனை ஆண்டுகள் ஒரே ஸஃப்பில் நின்றிருக்கிறோம். இது எனக்குத் தெரியாது.

"வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கேயே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டி இருக்கிறது. ஒரு நாள் வந்து பாருங்கள். பார்த்த பின்பும் கூடாது என்று நீங்கள் சொன்னால், அவளோடு சேர்த்து நானும் விட்டுவிடுகிறேன்."

அதைச் சொல்லிவிட்டு ஸலாம் கூறிப் போய்விட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் சரியாக வரவில்லை. ஒரு மனிதரின் இருபத்தைந்து ஆண்டுகால ஈடுபாட்டை என் அரை நிமிடப் பதிலின் மேல் தூக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் நூல்களை எடுத்தேன்.

நூல்களில் இருப்பது என் வாசல் பதிலைவிட நுணுக்கமானது. 'நர்து' எனப்படும் பகடையாட்டத்தைக் கடுமையாகக் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. சதுரங்கத்தைப் பெயர் சொல்லிக் கூறும் அறிவிப்புகளோ ஆதாரபூர்வமானவை அல்ல என்பது ஹதீஸ் கலை அறிஞர்கள் பலருடைய முடிவு. பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்கு வந்த பிறகே அந்த ஆட்டம் அரபு மக்களிடையே பரவியது என்பதையும் அவர்கள் காரணமாகக் காட்டுகிறார்கள். ஸஹாபாக்களில் சிலர் அதை வெறுத்ததாக வரும் செய்திகள் உண்டு. மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் விலக்கப்பட்டது என்ற கருத்தே மேலோங்கியிருக்கிறது. எங்கள் ஊர் ராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபிலும் மக்ரூஹ் தஹ்ரீமி என்ற கடுமையான நிலையே பிரபலமானது. இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்களிடமிருந்து அனுமதிக்கும் ஓர் அறிவிப்பு வருகிறது என்றாலும் அது முதன்மைக் கருத்தன்று. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ இதை மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தினார்கள். அந்த மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ஃபத்வாவில் இரண்டு எல்லைக் கற்கள் தெளிவாக நடப்பட்டிருக்கின்றன: ஆட்டத்தினால் தொழுகை அதன் நேரத்தை விட்டுத் தவறினாலோ, பந்தயப் பணம் வைத்து ஆடினாலோ ஹராம்.

நம் காலத்திலும் கருத்துகள் ஒன்றாக இல்லை. 1979 புரட்சிக்குப் பின் ஈரானில் தடை செய்யப்பட்டிருந்த சதுரங்கம், சூதாட்டமின்றி ஆடலாம் என்று 1988-ல் ஆயத்துல்லாஹ் குமைனி அளித்த தீர்ப்பால் மீண்டும் வெளியே வந்தது. 2016 ஜனவரியில் சவூதி அரேபியாவின் தலைமை முஃப்தி இது காலத்தையும் பணத்தையும் வீணாக்குவது என்று கண்டித்த செய்தி உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே நாட்டின் தலைநகர் ரியாதில், மன்னர் ஸல்மான் பெயரிலேயே உலக அதிவேகச் சதுரங்கப் போட்டி நடந்தது.

கல்லூரியில் வரலாறு படித்தவன் என்பதால் மற்றொரு பக்கமும் நினைவுக்கு வந்தது. நம் நாட்டுச் சதுரங்கம் பாரசீகத்தில் 'சத்ரங்' ஆகி, அரபியில் 'ஷத்ரஞ்ஜ்' ஆகி, அங்கிருந்தே ஐரோப்பாவுக்குப் போனது. இன்று நம் பிள்ளைகள் கூவும் 'செக்' என்ற சொல்லுக்குள் 'ஷாஹ்' என்ற பாரசீக அரசர் ஒளிந்திருக்கிறார். ஆங்கிலத்தின் 'ரூக்' பழைய 'ருக்' தான். ஸ்பெயின் தேசத்தார் மந்திரிக் காயை இன்றும் 'அல்ஃபில்' என்றே அழைக்கிறார்கள். 'அல் ஃபீல்', அதாவது யானை, என்ற அரபுச் சொல் அது. நாமோ மூலையில் நிற்கும் காயை யானை என்கிறோம், சில வீடுகளில் கோட்டை என்கிறார்கள். இக்கட்டுரையில் மூலைக் காயை யானை என்றே எழுதுகிறேன்.

அப்பாஸியக் கலீஃபாக்களின் அவையில் இந்த ஆட்டத்திற்குத் தனி ஆசான்களே இருந்தார்கள். கலீஃபா முக்தஃபீயின் காலத்தில் (902–908) அவைக்குப் பிரியமான ஆட்டக்காரர் மாவர்தீ என்பவர். அவரோடு ஆட அபூபக்ர் அஸ்ஸூலி என்ற இலக்கிய அறிஞர் வந்தார். கலீஃபா வெளிப்படையாகவே தம் ஆளின் பக்கம் நின்று உற்சாகப்படுத்தினார். ஆயினும் ஸூலி தெளிவாக வென்றுவிடவே, கலீஃபாவின் மனம் மாறியது. மாவர்தீ என்றால் பன்னீருக்கு உரியவர் என்று பொருள். அந்தப் பன்னீர் என்னவாகிப் போயிற்று என்று கலீஃபா சொன்ன சொல்லைக் குடும்பப் பத்திரிகையில் அப்படியே எழுத இயலாது. ஸூலி விட்டுச் சென்ற ஒரு புதிர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் விடை காணப்படாமல் இருந்து, 1980-களில் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் அதை அவிழ்த்தார்.

இவ்வளவையும் படித்துவிட்டு, எந்தப் பக்கமும் சாயாதவனாக ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு மண்டபத்திற்குப் போனேன்.

தீபாவளி முடிந்த சில வாரங்கள் எங்கள் மாவட்டத்திற்கு ஒரு தனிப் பருவம். ஆண்டு முழுவதும் மூச்சுவிட நேரமில்லாத சிவகாசிப் பட்டாசு ஆலைகள் அப்போதுதான் சற்று மூடிக்கிடக்கும். அச்சகங்களில் மட்டும் தினசரி காலண்டர் வேலை புத்தாண்டுவரை ஓடும். ஆலைக்காரர்கள் வீட்டுத் திருமணம், கோயில், ஊர்ப்பயணம் என்று சேர்த்து வைத்ததையெல்லாம் செய்து முடிப்பதும் இந்த இடைவெளியில்தான்; அவர்களில் சதுரங்கம் ஆடுகிறவர்கள் போட்டிக்கு வருவதும் இந்த இடைவெளியில்தான்.

மண்டபத்தில் முப்பது முப்பத்தைந்து மேசைகள். பள்ளிச் சிறுவர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஒரு வங்கி ஊழியர், சீருடையோடு வந்திருந்த ஒரு பேருந்து நடத்துநர். கைப்பேசிகள் எல்லாம் வாசலில் ஒப்படைக்கப்பட்டிருந்தன. ஆட்டத்தின் நடுவே ஒருவரிடம் அது ஒலித்தால் அந்த ஆட்டமே போய்விடும் என்று நடுவர் எச்சரித்தார். நம் பள்ளிவாசல்களிலும் இந்தச் சட்டம் இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றியது.

அவருக்கு எதிரே அமர்ந்தவர் சிவகாசியில் பட்டாசு ஆலை ஒன்றில் போர்மேனாக இருக்கும் இளைஞர். விரல் நகங்களின் ஓரத்தில் அலுமினியப் பொடியின் சாம்பல் நிறம் விடுமுறையிலும் போகாமல் ஒட்டியிருந்தது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். "பாய், போன வருஷம் என்னை நீங்கள் அடித்துவிட்டீர்கள், இந்த வருஷம் விடமாட்டேன்" என்று அவர் சிரித்தார். கடிகாரம் அமுக்கப்பட்டது. அதன் பிறகு மூன்றரை மணி நேரம்வரை அந்த மேசையில் ஒரு சொல்கூடப் பேசப்படவில்லை.

வீட்டுத் திண்ணையில் ஆடும் சதுரங்கத்திற்கும் போட்டிச் சதுரங்கத்திற்கும் உள்ள தூரத்தை அன்றுதான் கண்டேன். திண்ணை ஆட்டத்தில் காயை எடுப்பார்கள், வைப்பார்கள், மறுபடியும் எடுப்பார்கள். பார்ப்பவன் யோசனை சொல்வான். மாலை போய் இரவு வரும். இங்கே ஒவ்வொருவருக்கும் தொண்ணூறு நிமிடம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது விநாடி கூடுதலாகச் சேரும். தம் முறை வரும்போது தம் கடிகாரம் கரையும். நகர்த்திவிட்டு அமுக்கினால் எதிராளியின் கடிகாரம் கரையத் தொடங்கும். நேரம் தீர்ந்தால், பலகையில் எவ்வளவு வலுவான நிலையில் இருந்தாலும் பெரும்பாலும் தோல்விதான். தொட்ட காயை நகர்த்தியே தீரவேண்டும். காய் கோணலாக நின்றால், சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டே தொடவேண்டும். ஒவ்வொரு நகர்த்தலையும் இருவரும் தத்தம் தாளில் தம் கையாலேயே எழுதவேண்டும். வேடிக்கை பார்ப்பவன் வாயைத் திறக்கக் கூடாது. நேரத்தைத் தின்னும் விளையாட்டு என்று நான் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டேன். நேரத்தைக் காசைப்போல் எண்ணிச் செலவழிக்கும் மனிதர்களை அன்று அங்கே பார்த்தேன்.

ஆட்டம் இரண்டரை மணிக்குத் தொடங்கியது. வெள்ளைக் காய்கள் எங்கள் மண்டிக்காரருக்கு. ராணியின் முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித் தொடங்கினார். எனக்கு ஆட்டத்தின் அடிப்படை தெரியும், அவ்வளவே. ஆகவே முதல் ஒன்றரை மணி நேரத்தில் நடந்ததை விளக்க நான் தகுதியற்றவன். இருவரும் மெல்ல மெல்லக் காய்களைப் பரிமாறிக்கொண்டார்கள். இருபத்தெட்டாவது நகர்த்தலில் போர்மேன் தம்பி ஒரு சிப்பாயை இழந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நெற்றியை மட்டும் ஒருமுறை தடவிக்கொண்டார்.

ஐந்தேகால் மணி இருக்கும். கார்த்திகை மாத வெயில் சன்னலில் மஞ்சளாகிவிட்டது. மஃரிபுக்கு இன்னும் முக்கால் மணி நேரமே இருந்தது. எங்கள் மண்டிக்காரர் முப்பத்து நான்காம் நகர்த்தலை ஆடி, கடிகாரத்தை அமுக்கி, தாளில் எழுதினார். அப்போது அவர் கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிடமும் எதிராளிக்கு இருபத்தேழு நிமிடமும் மிச்சம் இருந்தன. நேரே நடுவரிடம் சென்று ஏதோ சொன்னார், நடுவர் தலையசைத்தார். தம்முடைய முறை நடக்கும்போது நடுவரின் அனுமதியின்றி ஆட்ட இடத்தை விட்டுப் போகக்கூடாது என்பது விதி. அவர் நகர்த்தி முடித்த பிறகு போனாலும் சொல்லிவிட்டே போனார். தாழ்வாரக் குழாயில் ஒளூச் செய்து, கைக்குட்டையை விரித்து, தூணோரம் அஸரின் நான்கு ரக்அத்துக்கு நின்றார்.

நான் அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். போர்மேன் தம்பி இரண்டு நிமிடம் யோசித்தார். நகர்த்தினார். கடிகாரத்தை அமுக்கினார்.

காலியாயிருந்த நாற்காலிக்கு முன்னால் எங்கள் மண்டிக்காரரின் நேரம் கரையத் தொடங்கியது. இருபத்திரண்டு, இருபத்தொன்று, இருபது. உள்ளபடியே சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. தொழுதுகொண்டிருக்கிற மனிதர் வரும்வரை இந்தத் தம்பி பொறுத்திருக்கக் கூடாதா? தம் நகர்த்தலைச் சற்றுத் தாமதித்தால் என்ன குறைந்துவிடும்? அவரோ கைகளைக் கட்டிக்கொண்டு பலகையையே பார்த்தபடி இருந்தார்.

தொழுதுவிட்டு அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது பதினொரு நிமிடமே இருந்தது. கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார். எதிராளியின் நகர்த்தலைத் தாளில் எழுதினார். யோசிக்கத் தொடங்கினார்.

அதன் பிறகு நடந்தது எனக்கே புரிந்தது, ஏனெனில் பலகையில் காய்கள் குறைந்துவிட்டன. ஆறு மணிக்கு மேல் மிஞ்சியவை: வெள்ளைக்கு ராஜா, ஒரு யானை, ஒரு சிப்பாய், கறுப்புக்கு ராஜா, ஒரு யானை. சிப்பாய் ஏழாவது வரிசைவரை ஏறிவிட்டது. இன்னும் ஒரே கட்டம், ஏறினால் ராணி. ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தில் அவருடைய ராஜாவே நின்றுகொண்டிருந்தது. ராஜா விலகினால்தான் சிப்பாய்க்கு வழி. விலகினாலோ எதிரியின் யானை தொலைவிலிருந்து 'செக்' மேல் 'செக்' வைக்கும்.

இது சதுரங்க உலகில் மிகவும் பழகிய ஒரு நிலை. 1497-ல் நூல் எழுதிய ஸ்பெயின் தேசத்து லூசெனாவின் பெயரால் இதை அழைக்கிறார்கள். விந்தை என்னவென்றால் அவருடைய நூலில் இது இல்லை. வெல்லும் வழியும் பாடம் போலத் தெளிவானது. யானையை முன்கூட்டியே நான்காவது வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். பிறகு ராஜா வெளியே வந்து, 'செக்' வாங்கிக்கொண்டே படிப்படியாகக் கீழே இறங்க வேண்டும். கடைசிச் 'செக்' வரும்போது அந்த யானையைக் குறுக்கே வைத்து மறைத்துக்கொள்ளலாம். 'பாலம் கட்டுதல்' என்பது இதற்குப் பெயர்.

இருபத்தைந்து ஆண்டுகள் ஆடியவருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அவரிடம் இருந்தது நகர்த்தலுக்கு நகர்த்தல் சேரும் அந்த முப்பது விநாடி மட்டுமே. ராஜாவை வெளியே எடுத்தார்; 'செக்'. மீண்டும் உள்ளே போனார். யானையை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். மறுபடியும் வெளியே, மறுபடியும் உள்ளே. மூன்றாம் முறையாக அதே நிலை வரப்போகும்போது போர்மேன் தம்பி தாம் ஆடப்போகும் நகர்த்தலைத் தாளில் எழுதிவிட்டுக் கடிகாரத்தை நிறுத்தி, நடுவரை அழைத்தார். ஒரே நிலை மூன்று முறை வந்தால் சமன் கோரலாம். நடுவர் இருவருடைய தாள்களையும் வாங்கி, தனியே ஒரு பலகையில் வைத்துச் சரிபார்த்தார். டிரா.

இருவரும் கைகுலுக்கினார்கள். மஃரிபுக்கு நேரமாகிவிட்டதால் எங்கள் மண்டிக்காரர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். நான் பொறுக்கமாட்டாமல் போர்மேன் தம்பியிடம் கேட்டேவிட்டேன்: "அவர் தொழுது வரும்வரை பொறுத்திருக்கலாமே தம்பி?"

அவர் சற்றே திகைத்தார். "எப்படிங்க ஐயா? என் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததே" என்றார். பிறகு, "எங்கள் வேலையில் அவசரம் கூடாது, தாமதமும் கூடாது. கலந்த மருந்தைக் கலந்த நேரத்தில் அடைத்து முடிக்க வேண்டும்" என்று சொன்னார்.

பள்ளிவாசலுக்கு நடக்கும் வழியில் இதைச் சொன்னபோது மண்டிக்காரர் நின்றுவிட்டார். "ஹள்ரத், அப்படி அவர் எனக்காகக் காத்திருந்தால் எனக்குத்தான் சங்கடம். தொழுகை என் கடமை. அதன் செலவு என் கணக்கில்தான் எழுத வேண்டும். அவர் கணக்கில் எப்படி எழுதுவது?" இருபத்தைந்து ஆண்டாக அவர் எந்தப் போட்டியிலும் இப்படித்தானாம். இதனால் தோற்றதும் உண்டாம். எத்தனை முறை என்று கேட்டேன். அதை எழுதி வைக்கவில்லை என்றார்.

பரிசுப் பணத்தைப் பற்றியும் கேட்டேன். ஆடுகிறவர்களிடம் வாங்கும் நுழைவுக் கட்டணத்தைத் திரட்டி அதையே வென்றவருக்குக் கொடுத்தால் அது சூதின் வாசலைத் தொடுகிறது. வெளியார் ஒருவர் அன்பளிப்பாகத் தரும் பரிசு அப்படியன்று. இந்த வேறுபாட்டை நம் குடும்பத்தார் பலர் கவனிப்பதில்லை, கவனிக்க வேண்டும். "பரிசு கொடுக்கிற இடத்துக்கு நான் வந்ததே இல்லை ஹள்ரத், அந்தக் கவலையை எனக்கு அல்லாஹ் வைக்கவில்லை" என்று சிரித்தார். மகளுக்கு வந்தால் விசாரித்துத்தான் வாங்க விடுவேன் என்றும் சொன்னார்.

மஃரிபுக்குப் பின் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கேதான் மியான் சுல்தான் கானின் கதையைச் சொன்னார். பெயரை மட்டும் நான் கேள்விப்பட்டிருந்தேன்.

1905-ஆம் ஆண்டு வாக்கில் பஞ்சாபின் குஷாப் பகுதியில் பிறந்தவர் சுல்தான் கான். ஒன்பது வயதில் தகப்பனாரிடம் நம் நாட்டு முறைச் சதுரங்கம் கற்றார். அந்த முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் பாயாது. ராஜாவும் யானையும் இடம் மாறும் 'கோட்டை கட்டுதல்' கிடையாது. நவாப் சர் உமர் ஹயாத் கான் என்ற செல்வந்தர் அவரைத் தம் இல்லத்தில் சேர்த்து ஐரோப்பிய முறையைப் பழக்கினார். 1928-ல் அகில இந்தியப் போட்டியில் ஒன்பது ஆட்டங்களில் எட்டு வெற்றி, ஒரு சமன். 1929-ல் இலண்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். ஆங்கிலேயர் ஆண்டுக்கணக்கில் புத்தகத்தில் படித்த தொடக்க ஆட்டங்கள் அவருக்குத் தெரியாது; குளிரும் காய்ச்சலும் வேறு வாட்டின. அந்தக் கோடையிலேயே ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1932-லும் 1933-லும் மீண்டும் வென்றார். ஒலிம்பியாட் போட்டிகளில் இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் ஆடியவரும் அவர்தான்.

மண்டிக்காரர் பலகையைக் கேட்டார். மகள் நாற்காலி போட்டு அலமாரியின் மேலிருந்து எடுத்து வந்தாள். என்னைப் பார்க்காமலேயே பாயில் வைத்தாள். 1930 டிசம்பர் இறுதியில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியில் சுல்தான் கான், முன்னாள் உலகச் சாம்பியன் கப்பாபிளாங்காவை எதிர்த்து ஆடிய ஆட்டத்தைத் தகப்பனாரும் மகளும் தாளைப் பார்க்காமல் ஆடிக் காட்டினார்கள்.

வெள்ளை சுல்தான் கானுக்கு. இருபத்தோராம் நகர்த்தலில் கப்பாபிளாங்கா ஒரு யானையை வெள்ளையின் கடைசி வரிசைவரை இறக்கிச் 'செக்' வைத்தார். பின்னாலேயே மற்ற யானையும் வந்தது. வெட்டிக்கொண்டு முடித்தபோது வெள்ளைக்கு ராணி இல்லை. கறுப்புக்கு இரண்டு யானைகளும் இல்லை. ராணியைப் பறிகொடுத்தவர் பயந்துவிடுவார் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். சுல்தான் கான் பயப்படவில்லை, பாயவுமில்லை. சிப்பாய்களைக் கொண்டு வழிகளை அடைத்தார். ராஜாவைத் தாமே மெதுவாக நடத்திப் பத்திரமான மூலைக்குக் கொண்டுபோனார். கறுப்பு ராணியோ பலகையின் வலது ஓரத்தில் போவதும் வருவதுமாக இருந்தது. ஐம்பத்து மூன்றாம் நகர்த்தலில் ஒரு யானை உள்ளே நுழைந்தது; அறுபத்தொன்றில் ஒரு சிப்பாயை வெட்டியது; வழி திறந்த தம் சிப்பாய் ஏறத் தொடங்கியது. அறுபத்தைந்தில் கப்பாபிளாங்கா ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்தப் போட்டியில் டச்சு வீரர் யூவே முதலிடம், கப்பாபிளாங்கா இரண்டாமிடம், சுல்தான் கான் மூன்றாமிடம். தொடக்க முறைகளைப் படிக்காமலேயே சாம்பியனானது அசாதாரணமான மேதைமை என்று தோற்ற கப்பாபிளாங்காவே பின்னர் எழுதினார்.

"ஃபாத்திமாவைச் சொல்லுங்கள் அத்தா" என்றாள் மகள். முதன்முறையாக அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

அதே நவாபின் இல்லத்தைச் சேர்ந்தவர் குலாம் ஃபாத்திமா. 1933-ல் ஹேஸ்டிங்ஸில் நடந்த பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் போட்டியில் பதினோர் ஆட்டங்கள் ஆடி, பத்தில் வென்று, ஒன்றைச் சமன் செய்து பட்டம் பெற்றார். அதே இடத்தில் அதே வேளையில் சுல்தான் கானும் பட்டம் வென்றார். நம் சமுதாயப் பெண் ஒருவர் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்னால் இதைச் சாதித்திருக்கிறார். மக்தபில் இத்தனை ஆண்டுகள் பிள்ளைகளுக்கு எத்தனையோ பெயர்களைச் சொல்லிக்கொடுத்த எனக்கு இந்தப் பெயர் அன்றுவரை தெரியாது.

1933 இறுதியில் சுல்தான் கான் நாடு திரும்பினார். பெரும் போட்டிகளோடு அவருக்கிருந்த தொடர்பு அதோடு முடிந்தது. நிலபுலத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்து, 1966-ல் சர்கோதாவில் காலமானார். அவர் வாழ்ந்த நாளில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே எந்தப் பட்டமும் தரவில்லை. 2024 பிப்ரவரியில்தான் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வந்தது. அவரை எழுத்தறிவற்ற வேலைக்காரராகச் சித்திரிப்பது தவறு என்று அவருடைய பேத்தி அண்மைக் காலத்தில் மறுத்து எழுதியிருக்கிறார். ஆங்கிலேயருக்குச் சுவையாகத் தோன்றிய கதையை நாமும் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம் போலும்.

மண்டிக்காரர் மறைக்காமல் இன்னொன்றையும் சொன்னார். சுல்தான் கான் தம் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுக்கவில்லையாம். வாழ்க்கையில் இதைவிடப் பயனுள்ளதைச் செய்யுங்கள் என்று சொன்னாராம். அவருடைய மகனே சொன்ன செய்தி இது. "நீங்கள் கூடாது என்று சொல்வதானால் ஹள்ரத், உங்கள் பக்கத்துச் சாட்சி அவர்தான்" என்றார்.

நேர்மையான மனிதர். தம் வழக்குக்கு எதிரான சாட்சியையும் தாமே அழைத்து வந்து நிறுத்துகிறார்.

நான் என்ன சொல்வது? 1980-ல் மால்டா ஒலிம்பியாடில் இந்தியாவுக்கு முதல் தனிநபர் வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்த ரஃபீக் கான், போபாலில் தச்சு வேலை செய்தவர். பதக்கம் வந்த பின்னும் சதுரங்கம் அவருக்குச் சோறு போட்டுவிடவில்லை. நம் தமிழ்நாட்டிலோ 1961-ல் மானுவல் ஆரன் முதல் இந்திய சர்வதேச மாஸ்டர் ஆனார். விசுவநாதன் ஆனந்த் உலகப் பட்டம் வென்றார். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாடே நடந்தது. 2024 டிசம்பரில் பதினெட்டு வயது குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். அந்தக் கடைசி ஆட்டமும் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததுதான்; சீனத்துச் சாம்பியன் டிங் லிரென் ஐம்பத்தைந்தாம் நகர்த்தலில் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததால் திரும்பியது. இந்தப் பெயர்களைக் காட்டி ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையைப் பலகை முன்னால் உட்கார வைக்கும் பெற்றோர்களும் இருக்கிறார்கள். அதுவும் எனக்கு உடன்பாடில்லை. படிப்பும் ஓதலும் பின்னுக்குப் போய், ஞாயிறுதோறும் ஊர் ஊராகக் கட்டணம் கட்டி அலையும் குடும்பங்களை அன்றைய மண்டபத்திலேயே பார்த்தேன்.

அந்தப் பெண்ணை அழைத்து, அன்று நான் சொன்னது அவசரப் பதில் என்றேன். ஹனஃபி நூல்களில் உள்ள கடுமையையும், ஷாஃபிஈ இமாம்களின் கருத்தையும், தொழுகை, பந்தயம் என்னும் இரண்டு எல்லைகளையும், எதையும் குறைக்காமல் கூட்டாமல் சொன்னேன். பேணுதல் என்றால் விட்டுவிடுவதே என்றும் சொன்னேன். உன் அத்தா இன்று ஆடியதுபோல் ஆடுவதானால், இனி வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாவு வரவில்லை என்றும் சொன்னேன். என் சக ஆலிம்கள் இதில் என்னோடு மாறுபடலாம்; மாறுபட அவர்களுக்கு ஆதாரமும் இருக்கிறது.

அவள் பதில் சொல்லவில்லை. தகப்பனாரின் சட்டைப் பையிலிருந்து அன்றைய ஆட்டத்தின் தாளை எடுத்து விரித்தாள். அறுபதாம் நகர்த்தலுக்கு மேல் எழுத்து கோணல்மாணலாகியிருந்தது. பலகையில் ஐந்து காய்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அத்தா, இங்கே யானையை நாலாவது வரிசைக்கு ஏற்றியிருந்தால் போதுமே. ராஜா இப்படி, இப்படி இறங்கி வந்துவிடும்."

"தெரியும் கண்ணு. அப்போது நேரம் இல்லை."

"எவ்வளவு நேரம் வேண்டும்?"

அவர் யோசித்தார். "ஒரு நிமிடம் இருந்திருந்தால் போதும்" என்றார். உள்ளிருந்து அவள் தாயார் தேநீர் கொண்டுவந்தார்கள். பாயில் இருந்த பலகையைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு அவர்கள் இருவரும் மறுபடியும் அந்த ஐந்து காய்களை அடுக்கத் தொடங்கினார்கள். இஷாவுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.